விடுமுறைக்குத் தாள்கட்டு வேண்டாம்: பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு ஒரு பாட்டியின் திறந்த மடல்

பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் ஐயா அவர்களுக்கும், செயலாளர் அம்மாவுக்கும், செயற்குழுவில் உள்ள எல்லாருக்கும் வணக்கம்.

பள்ளியின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் நம் பள்ளியில் மட்டும்தான் இப்படி என்று ஆகிவிடும். பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. மற்ற பள்ளிப் பெற்றோர் யாராவது இதைப் படித்தால் 'இது நம்ம வீட்டுக் கதையாச்சே' என்றுதான் சொல்வார்கள்.

என்னை உங்களில் சிலருக்குத் தெரியும். மதியம் பள்ளி விடும் நேரத்தில் வாசல் பக்கம் குடையோடு நிற்கும் பாட்டிகளில் நானும் ஒருத்தி. பாயான் லெப்பாசில் ஒரு மின்னியல் தொழிற்சாலையில் 29 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது ஆயர் ஈத்தாமில் மகள் வீட்டில், பதினொன்றாவது மாடியில் இருக்கிறேன். மகளும் மருமகனும் ஷிப்ட் வேலை. பேரன் ஐந்தாம் ஆண்டு, பேத்தி இரண்டாம் ஆண்டு. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பிள்ளை ஒன்று, ஒன்பது வயது, அதுவும் முக்கால்வாசி நேரம் எங்கள் வீட்டில்தான். ஆக விடுமுறை என்றால் எனக்கு மூன்று பிள்ளைகள், 700 சதுர அடி, ஒரு தொலைக்காட்சி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் செய்தி வந்தது. ஆண்டிறுதி விடுமுறைக்குப் 'பயிற்சித் தொகுப்பு' தயாராகிறதாம், ஒரு பிள்ளைக்கு 38 ரிங்கிட், வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டுமாம். போன வருடமும் இதையேதான் வாங்கினோம். மூன்று பயிற்சி நூல், அதோடு நகலெடுத்துப் பின் அடித்த 64 பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் பெற்றோர் கையெழுத்து. பள்ளி திறந்த முதல் நாளே ஒப்படைக்க வேண்டும்.

அது எங்கள் வீட்டில் எப்படி முடிந்தது என்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். முதல் வாரம் தினம் இரண்டு பக்கம் என்று ஆரம்பித்தோம். இரண்டாவது வாரம் தொகுப்பைக் கண்டாலே பேத்திக்கு வயிற்று வலி வந்தது. மூன்றாவது வாரம் அது குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே ஏறிவிட்டது. கடைசி மூன்று இரவு வீடு முழுக்கத் தாள். நான் கூட்டல் போட, மகள் கோடிட்ட இடம் நிரப்ப, இரவு ஷிப்ட் முடித்து வந்த மருமகன் பசியாறக்கூட இல்லாமல் உட்கார்ந்து இடது கையால் எழுதினார், பிள்ளை எழுத்து மாதிரி இருக்கட்டும் என்று. டீச்சர் அதற்கும் சரி போட்டு 'நன்று' என்று எழுதி அனுப்பியிருந்தார். டீச்சரைக் குறை சொல்லவில்லை. நாற்பது பிள்ளை, ஆளுக்கு 64 பக்கம். அவரும் எந்தக் கையால் சரி போட்டாரோ.

பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். வீட்டில் பிள்ளை படிக்காமல் இருப்பதில்லை, அதற்குத் தாள்தான் இடைஞ்சலாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

2024 ஜனவரியில் நான்கு நாள் தண்ணீர்த் தடை வந்ததே, ஞாபகம் இருக்கும். 10ஆம் தேதியிலிருந்து 14ஆம் தேதி வரை. தீவு முழுக்க ஆள் ஆளுக்குத் தண்ணீர் பிடித்து வைக்கும் பீப்பாய், அதுதான் தோங், வாங்க ஓடினார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு பெரிய நீலத் தோங் வாங்கி, முந்தின நாள் இரவே நிரப்பி வைத்தோம். பேரன் அப்போது மூன்றாம் ஆண்டு. அந்தத் தோங்கில் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று அவன்தான் முதலில் கேட்டான். எனக்கு எப்படித் தெரியும்? "அளந்து பாரு" என்றேன்.

எதை வைத்து அளப்பது? வீட்டில் ஒன்றரை லிட்டர் மினரல் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. அதை வைத்துச் சிவப்பு வாளியை அளந்தான். ஒன்பது போத்தலும் இன்னும் கொஞ்சமும். "பாட்டி, பதினாலு லிட்டர் பக்கம் வருது." பிறகு வாளியை வைத்துத் தோங்கை அளந்தான். எட்டு வாளி. சுவர் நாள்காட்டியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு 112 என்று எழுதினான். அதோடு விடவில்லை. வீட்டில் ஐந்து பேர், நான்கு நாள், அப்படியென்றால் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு? ஐந்து லிட்டரும் சொச்சமும். சமைக்க, குடிக்க, பாத்திரம் கழுவ, குளிக்க, எல்லாவற்றுக்கும் அவ்வளவுதான். முகம் மாறிவிட்டது அவனுக்கு. கழிவறைக்கு ஒரு தடவை அரை வாளி ஊற்றினாலே ஏழு லிட்டர் போய்விடுகிறதே!

அன்றிலிருந்து நான்கு நாள் அவன்தான் வீட்டுக்குத் தண்ணீர் அதிகாரி. அரிசி கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு. குளிக்கும்போது பேசினில் நின்று குளிக்க வேண்டும், அந்தத் தண்ணீர் கழிவறைக்கு. மருமகன் தெரியாமல் ஒரு வாளி முழுக்க ஊற்றிவிட்டு வாங்கிய ஏச்சு இருக்கிறதே, மாமியார் நான்கூட அப்படி ஏசியதில்லை.

இதில் நான் மறக்காத விஷயம் வேறு. அதற்கு ஒரு மாதம் முன்னால் அவனுடைய கொள்ளளவுப் பயிற்சித் தாளில் ஒரு வாளிப் படம் இருந்தது. பக்கத்தில் 'ஏறக்குறைய 14 ____' என்று கோடு. அவன் அதில் மில்லிலிட்டர் என்று எழுதியிருந்தான். பதினாலு மில்லிலிட்டர் இருமல் மருந்துக்குத்தான் சரி. சிவப்பு மையால் அடித்து 'லிட்டர்' என்று திருத்தியிருந்தார்கள், அவனும் அதன்கீழே மூன்று தடவை திருத்தி எழுதியிருந்தான். மூன்று தடவை எழுதியும் தெரியாதது, வாளியைத் தூக்கியபோது தெரிந்தது.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது பள்ளிக்கூடமே வீட்டுக்குள் வந்தது. வேறு வழியில்லை, அது புரிகிறது. ஒரு கைப்பேசியை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பிடித்துப் பாடம் கேட்ட வீடுகள் எங்கள் மாடியிலேயே இருந்தன. ஆனால் அந்தப் பழக்கம் அதோடு நிற்கவில்லை. எதை வேண்டுமானாலும் புலனத்தில் தட்டிவிட்டால் வீடு பார்த்துக்கொள்ளும் என்று ஆகிவிட்டது. 2021இல், ஆறாம் ஆண்டில் எழுதும் யூபிஎஸ்ஆர் தேர்வையே எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு இனி நெருக்கடி இருக்காது என்றுதான் நாங்களும் நினைத்தோம். தேர்வு போனது, தாள் போகவில்லை.

பல்லாங்குழி கதையையும் கேளுங்கள். போன விடுமுறையில் தொகுப்பு குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே தூங்கிய நாட்களில் நடந்தது அது. எங்கள் வட்டாரத்துச் சாலையோரம் ஒரு சாகா மரம் இருக்கிறது. நெற்று வெடித்து, சிவப்புக் கொட்டை தார்ச் சாலையில் சிதறிக் கிடக்கும். ஆனைக்குன்றிமணி என்றும் மஞ்சாடி என்றும் நம் ஆட்கள் சொல்வது இதைத்தான். அந்தக் காலத்தில் நகை செய்யும் பத்தர்கள் பொன் நிறுக்கப் பயன்படுத்தியது. இரண்டு குன்றிமணி எடை ஒரு மஞ்சாடி என்று என் அப்பா சொல்லியிருக்கிறார். (ஒன்று சொல்லிவிடுகிறேன். முழுச் சிவப்பாக இருப்பதுதான் சாகா. சிவப்பில் ஒரு பக்கம் கறுப்புக் கண் இருந்தால் அது குன்றிமணி, கொடிய விஷம். அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. சாகாக் கொட்டையையும் சின்னக் குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளும். எங்கள் வீட்டில் அது மைலோ டின்னில், அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.)

பிள்ளைகள் இரண்டு மாலை பொறுக்கியதில் ஒரு பை சேர்ந்தது. பலகைக்கு எங்கே போவது? முப்பது முட்டை அட்டையை எடுத்தோம். அதில் ஒரு வரிசைக்கு ஆறு குழிதான், எனக்கோ ஏழு வேண்டும். பேத்திதான் யோசனை சொன்னாள், இரண்டு அட்டையை வெட்டி ஒட்டலாம் என்று. ஒட்டியாயிற்று. பக்கத்துக்கு ஏழு, மொத்தம் பதினாலு குழி. நான் கற்றுக்கொண்ட ஆட்டத்தில் குழிக்கு ஐந்து காய். போட்டுக்கொண்டே வந்தேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பிள்ளை, "பாட்டி, சாலா" என்றாள். தப்பாம். அவள் பாட்டி வீட்டுச் சோங்காக்கில், அதாவது மலாய்க்காரர் பல்லாங்குழியில், குழிக்கு ஏழு கொட்டையாம். அதோடு இரண்டு முனையிலும் பெரிய குழி, 'ரூமா', வீடு வேண்டுமாம். நம் பல்லாங்குழியில் வீடு ஏது? ஒரு குழியில் நாலு காய் சேர்ந்தால் 'பசு' என்று எடுத்துக்கொள்வோம். பசு என்றதும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கொட்டை எப்படி மாடாகும்?

பேரன் அவளிடம் நம் ஆட்டத்தை விளக்கினான். மலாயில். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். 'முதலில்', 'அதற்குப் பிறகு', 'ஒருவேளை காலியாக இருந்தால்', 'நீ எடுத்துக்கொள்ளலாம், ஆனால்' என்று ஒவ்வொன்றுக்கும் சொல் தேடித் தேடிப் பேசினான். தெரியாத இடத்தில் அவள் எடுத்துக் கொடுத்தாள். இதே பிள்ளைதான் மலாய்க் கட்டுரையில் நான்கு வரிக்கு மேல் தாண்டமாட்டான் என்று போன சந்திப்பில் என்னிடம் சொன்னார்கள். அன்றைக்கு முக்கால் மணி நேரம் பேசினான். சண்டையும் மலாயில்தான்.

கடைசியில் ஒரு நாள் நம் ஆட்டம், ஒரு நாள் அவள் ஆட்டம் என்று முடிவு செய்தார்கள். அவள் ஆட்டத்துக்குக் கொட்டை பற்றவில்லை. எழுபதுதான் எண்ணி வைத்திருந்தோம், அவளுக்கு 98 வேண்டும். "இன்னும் இருபத்தெட்டு" என்று பேத்தி விரல்விட்டு எண்ணிச் சொன்னாள், தப்பில்லாமல். இரண்டாம் ஆண்டுப் பிள்ளை. யாரும் கேட்கவில்லை, யாரும் மதிப்பெண் போடவில்லை. உடனே மைலோ டின்னை இறக்கச் சொல்லி என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

என் சிறு வயதில் தோட்டத்தில் ரப்பர் கொட்டைதான் எங்களுக்கு எல்லாம். சிமெண்டுத் தரையில் சூடு ஏறத் தேய்த்துப் பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்துவிட்டு ஓடுவோம். அதைப் பேரனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எல்லாப் பாரம்பரியத்தையும் காப்பாற்ற வேண்டும் என்று இல்லை.

அடுப்படியைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் வராமல் போகிறது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பேசுகிறோம். 1816இல் இதே பினாங்கில்தான் நாட்டின் முதல் தமிழ் வகுப்பு ஆரம்பித்தது என்று மேடையில் சொல்லிக் கைத்தட்டுகிறோம், பெருமைதான். ஆனால் என் பேத்திக்கு எல்லாமே 'வெட்டு'தான். அவசரத்தில் அதுவும் மலாயில் 'போத்தோங்' ஆகிவிடும். வெங்காயத்தையும் போத்தோங், தேங்காயையும் போத்தோங், கீரையையும் போத்தோங். பயிற்சி நூலில் வினைச்சொல் பத்து எழுதச் சொன்னால் ஓடு, ஆடு, பாடு என்று பாலர் பள்ளியில் படித்ததையே எழுதுகிறாள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலில் அவளைப் பக்கத்தில் முக்காலியில் உட்கார வைத்தேன். வெங்காயம் நறுக்கினேன், பூண்டு உரித்தேன், தேங்காய் துருவினேன், வாழைக்காய் சீவினேன், கீரை ஆய்ந்தேன், புளி கரைத்தேன், பருப்பு மசித்தேன், ரசத்துக்குத் தாளித்தேன். கீரை ஆய்வதையும் பூண்டு உரிப்பதையும் அவளே செய்தாள். மதியச் சாப்பாடு அரை மணி நேரம் தாமதம், அவ்வளவுதான் நஷ்டம். இப்போது அப்பாவைத் திருத்துகிறாள். "அப்பா, தேங்காயை வெட்டலை, துருவுறாங்க."

கடைச் சீட்டு இன்னொன்று. 2008 ஏப்ரலிலிருந்து ஒரு சென் காசு கிடையாது, மொத்தத் தொகையை ஐந்து சென்னுக்குச் சரிக்கட்டுகிறார்கள். 23 ரிங்கிட் 47 சென் என்றால் 45 ஆகும், 48 என்றால் 50 ஆகும். பேரங்காடியில் வரிசையில் நிற்கும்போது திரையில் மொத்தம் வந்ததும் சரிக்கட்டிய தொகையை யார் முதலில் சொல்கிறார்கள் என்று போட்டி. கல்லாவில் பணம் வாங்கும் பெண்ணே இப்போது எங்களைப் பார்த்ததும் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

நான் ஏதோ காலை முதல் மாலை வரை பிள்ளைகளோடு விளையாடுவதாக நினைத்துவிட வேண்டாம். மீன் பொரிக்கும்போது கைப்பேசியைக் கொடுத்துவிடுவேன். எண்ணெய்ப் பக்கம் வராமல் இருந்தால் போதும். மதியம் இரண்டு மணிக்கு எனக்குக் கண் சொருகும். அப்போது தொலைக்காட்சிதான் அவர்களைப் பார்த்துக்கொள்ளும். இரண்டிலிருந்து நாலு வயதுப் பிள்ளைக்குத் திரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதைவிடப் பெரியவர்கள், ஆனாலும் சில நாள் கணக்கு எங்கேயோ போய்விடுகிறது. மறைக்க என்ன இருக்கிறது.

"போர் அடிக்குது பாட்டி" என்பதும் தினம் நாலு தடவை கேட்பதுதான். முன்பெல்லாம் உடனே எதையாவது எடுத்துக் கொடுப்பேன். இப்போது "அப்படியா" என்று சொல்லிவிட்டுக் கீரையை ஆய்வேன். இருபது நிமிடம் தரையில் உருளுவார்கள், ஒருவரை ஒருவர் உதைப்பார்கள், சன்னல் கம்பியில் தொங்குவார்கள். அப்புறம் தானாக ஏதோ ஒன்று கிளம்பும். போன தடவை கிளம்பியது, பதினொரு மாடிக்கும் படி எண்ணும் வேலை. முன்பு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறியபோது 513 படி என்று தெரிந்துகொண்டு வந்திருந்தார்கள். எங்கள் மாடிப்படியை எத்தனை தடவை ஏறினால் ஒரு தண்ணீர்மலை ஆகும் என்று கணக்கு. மின்தூக்கி ஓடிக்கொண்டிருக்கும்போது மூன்று பிள்ளைகள் வியர்க்க வியர்க்கப் படி ஏறுவதைப் பார்த்து, கீழே இருக்கும் காவலாளி என்னிடம் வந்து ஏதும் பிரச்சினையா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இதைப் படித்ததும் நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். எல்லா வீட்டிலும் பாட்டி இல்லை. உண்மைதான். எங்கள் மாடியிலேயே அப்பாவும் அம்மாவும் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்டில் போய்விட, பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வீடு இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்த வீட்டில் 64 பக்கத்தை யார் நிரப்பப் போகிறார்கள்? நான் சொன்னவற்றில் தனியாக நேரம் ஒதுக்கிச் செய்தது எதுவும் இல்லை. எப்படியும் சமைக்கத்தான் போகிறோம், கடைக்குப் போகத்தான் போகிறோம். துணி மடிக்கும்போது காலுறைக்கு ஜோடி தேடுவதை ஆறு வயதுப் பிள்ளையிடம் விட்டால் அதுவே அரை மணி நேரம் போகும்.

வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று டீச்சர்கள் சொல்வதையும் மறுக்கவில்லை. அவர்களுக்குப் பயிற்சி வேண்டும்தான். அந்தப் பிள்ளைக்கு எது வேண்டும் என்று அந்தப் பிள்ளையின் டீச்சருக்குத் தெரியும், அவர் நாலு பக்கம் கொடுக்கட்டும், உட்கார்ந்து செய்ய வைக்கிறோம். நானூறு பிள்ளைக்கும் ஒரே கட்டு என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

ஆகவே கேட்பது இதுதான். இந்த ஆண்டிறுதிக்குத் தொகுப்பு வேண்டாம். ஏற்கெனவே அச்சுக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்றால், வேண்டுமென்பவர்கள் வாங்கட்டும். கையெழுத்தும் முதல் நாள் ஒப்படைப்பும் மட்டும் இல்லாமல் இருக்கட்டும். பணம் வசூலிக்கத்தான் வேண்டும் என்றால் பிள்ளைக்கு ஐந்து ரிங்கிட் போதும். அதில் வகுப்புக்கு ஒரு பெட்டி வாங்கலாம். கதைப் புத்தகங்கள், ஒரு பல்லாங்குழிப் பலகை, தாயக்கட்டை, ஆடுபுலி ஆட்டம் வரைந்த ஓர் அட்டை. ஆடுபுலிக்கு மூன்று புலியும் பதினைந்து ஆடும் போதும், பதினெட்டுப் போத்தல் மூடியில் வேலை முடிந்துவிடும். வாரம் ஒரு வீடு என்று மாற்றிக்கொள்ளலாம். எங்கள் குடியிருப்பில் மட்டும் நம் பள்ளிப் பிள்ளைகள் பதினோரு பேர் இருக்கிறார்கள், இங்கே பெட்டியை வைத்துக்கொள்ள நான் தயார்.

பள்ளி திறந்ததும் பிள்ளைகளிடம் எதையாவது கேட்டே ஆக வேண்டும் என்று டீச்சர்கள் நினைத்தால், வீட்டில் பெரியவர்களோடு செய்த ஒரு வேலையை எப்படிச் செய்தோம் என்று வகுப்பில் எழுந்து நின்று சொல்லச் சொல்லட்டும். ரசம் வைத்ததோ, சைக்கிள் சங்கிலி மாட்டியதோ, எதுவானாலும் சரி. தமிழில் ஒரு பிள்ளை, மலாயில் ஒரு பிள்ளை.

ஒன்றே ஒன்று, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். அதைப் படம் எடுத்துப் புலனத்தில் போடுங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். போன தீபாவளிக்கு 'பிள்ளை முறுக்கு சுடும் காணொளி' கேட்டீர்கள். எட்டுத் தடவை எடுத்தோம். முறுக்கு கருகிவிட்டது, பேத்தி அழுதுவிட்டாள், கடையில் வாங்கிய முறுக்கைத் தட்டில் வைத்து ஒன்பதாவது தடவை எடுத்து அனுப்பினோம். அதற்கு நமக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. பரிசாகக் கொடுத்த தண்ணீர்ப் போத்தல் இன்னும் இருக்கிறது, வேண்டுமென்றால் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

அடுத்த கூட்டத்துக்குக் கட்டாயம் வருவேன். பேரன் முட்டை அட்டைப் பலகையையும் எடுத்து வருகிறேன் என்கிறான், தலைவர் ஐயாவோடு ஓர் ஆட்டம் ஆட வேண்டுமாம். கூட்டத்தை மட்டும் மூன்றாவது மாடி மண்டபத்தில் வைக்காமல் கீழே சிற்றுண்டிச் சாலையில் வையுங்கள். எனக்கு முழங்கால் வலி.

இப்படிக்கு,
ஐந்தாம் ஆண்டுப் பேரனுக்கும் இரண்டாம் ஆண்டுப் பேத்திக்கும் பாட்டி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு